பதினொன்று

காலை ஆறே காலுக்கு
மூன்றாம் எண் மதகில்
அளவுகோல் பார்ப்பவள் நான்.
மாவட்ட மன்றத்தில் எனக்கு மேசை கிடையாது.
ஒரு டார்ச், ஒரு குடை,
கழுத்தில் கயிறு கட்டிய ஆறு குப்பிகள்,
போனில் கமாருடினின் நம்பர்.

பண்டுக்கு இந்தப் பக்கம் செம்பனை.
அந்தப் பக்கம் அலையாத்தி,
அதற்கப்பால் சேறு,
சேற்றுக்கப்பால் இன்னும் விடியாத நீரிணை.

கோல் மூன்று முப்பத்தாறு காட்டினால்
கமாருடினுக்கு ஒரே சொல்: வா.
மூன்று நாற்பதைத் தொட்டால்:
கோயில் முச்சந்தியிலேயே திருப்பிக்கொள்.
அவ்வளவுதான்
கோலா நீப்பாவின் பொதுப் போக்குவரத்து.

பஸ் திரும்பிவிட்டால்
கீழ் டிவிஷனில் நாற்பது பேர்
செருப்பைக் கையில் பிடித்து நடப்பார்கள்,
கையுறைத் தொழிற்சாலையின் ஏழு மணிச் சங்குக்கு.
மரியசூசையின் மகள் ஐந்தாம் படிவம்.
புத்தகப் பை தலையில்,
வாய்க்குள் ஏதோ சூத்திரம்.

மன்றத்தின் இரண்டாம் மாடியில்
கரையோரத் திட்டமும் போக்குவரத்தும்
ஒரே அலமாரியின் இரு பக்கம்.
சுற்றுச்சூழல் பிரிவு மூலையில்,
பிரிண்டரின் சூட்டில்.
ஒருவர் தும்மினால் மூவருக்கும் கேட்கும்.
கடிதம் போய்ச் சேரத்தான் பதினெட்டு நாள்.

பிப்ரவரியில் சர்வேயர் செங் வூன் வந்தார்.
முக்காலி ஊன்றி, ஒரு கண்ணைச் சுருக்கி,
பாறைவரை இறக்கிய இரும்புக் குறியிலிருந்து
இரண்டு நாள் கணக்குப் போட்டார்.
பிறகு பாதி மலாயிலும் மீதி விரல்களிலும் சொன்னார்:
ஒன்பது வருஷத்தில்
உன் கோல் பதினோரு சென்டிமீட்டர் புதைந்திருக்கிறது.

கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி.
அப்படியானால் கடல் அவ்வளவு ஏறவில்லை!
குறிப்பேட்டில் அப்படியே பதிந்தார்கள்.
கறிபாப் வந்தது, தே தாரிக் வந்தது.
கதவோரம் நின்ற நான் கேட்டேன்,
கோல் மட்டும் தனியாகவா புதைந்தது?
அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

பண்டு இறங்கியிருந்தது. சாலை இறங்கியிருந்தது.
மரியசூசை வீட்டு வாசற்படி
தினம் கழுவப்பட்டபடியே இறங்கியிருந்தது.
கடல் ஏறியதா நிலம் தாழ்ந்ததா என்று
கணுக்காலிடம் கேட்டுப் பாருங்கள்,
ஈரம் என்று மட்டும் சொல்லும்.

புதிய கோல் வந்தது, பளிச்சென்ற மஞ்சள்.
பாறைக்குறிக்குச் சரிபார்த்து நட்டு,
பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள்.
மறுநாள் அதே மதகு, அதே சிப்பி ஒட்டிய செங்கல்,
அதே இடத்தில் தண்ணீர்.
கோலில் மட்டும் பதினொன்று குறைவு.
ஒரே இரவில் கடலைத் தாழ்த்திய மன்றம்
எங்களுடையது.

விதி மட்டும் பழைய நாற்பதிலேயே நின்றது.
மூன்று முப்பத்திரண்டு, வா, என்றேன்.
வந்தான்.
முனீஸ்வரன் கோயிலுக்கு முன்னால்
இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றது.
நாற்பது பேரும் தள்ளினார்கள்.
தேர்வு எட்டு மணிக்கு.
அந்தப் பெண்ணும் தள்ளினாள்.

கமாருடின் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
பம்பரில் உட்கார்ந்து
சப்பாத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினான்.
அது நெடுநேரம் கொட்டியதுபோல் இருந்தது எனக்கு.

விதியை மூன்று இருபத்தொன்பதாக மாற்றும்படி
எழுதினேன்.
போக்குவரத்து, சுற்றுச்சூழலுக்கு அனுப்பியது.
சுற்றுச்சூழல், கரையோரத் திட்டத்துக்கு.
இப்போது அலமாரியின் எந்தப் பக்கம் இருக்கிறதோ.

இன்று பௌர்ணமிக்கு மறுநாள்.
குப்பிகளை நிரப்பி மூடியாயிற்று.
மஞ்சள் கோலில் ஓர் உளுவை
இருபதுக்கு மேல் ஏறி உட்கார்ந்து
என்னையே பார்க்கிறது.
படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்,
மூன்று இருபத்தேழு.
போன் அடிக்கிறது.

'தாம்பா செபெலாஸ்?' என்கிறான் கமாருடின்.
கூட்டியாச்சு, என்கிறேன்.
மூன்று முப்பத்தெட்டு.
மெதுவா வா.