பன்னிரண்டு வோல்ட்

பகலெல்லாம் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார்கள்.
பாலாடாவில் கேரட் கழுவும் எந்திரங்கள்
மண்ணும் தண்ணீரும் குடித்து, எரிந்து வரும்.
கரிந்த செம்பை உருவிப் போட்டுவிட்டு
புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி அனுப்புவேன்.
சாதுவான ஜென்மங்கள்.
சுவிட்சைப் போட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும்.

ராத்திரியில்
கட்டைவிரல் அளவு மோட்டார் ஒன்று
என்னை மதிப்பதே இல்லை.

பழைய கேசட் பிளேயரில் பிடுங்கியது.
அதற்கு ஒரு தகரக் கூடு, பல்சக்கரம் இரண்டு,
மிச்சமிருந்த நீலப் பெயின்ட்.
அதைத்தான் ரயில் என்கிறேன்.
கேரட் கிரேட்டுகள் மேல் ஒட்டுப்பலகை,
பலகை மேல் தண்டவாளம்.
கட்டிலைச் சுற்றி ஏறி, பீரோவுக்குப் பின்னால் போய்
அடுப்படி வாசலில் இறங்கும்.
அந்த இறக்கத்தில்தான் வினை.

முதல் கன்ட்ரோலர்: ஒரு குமிழ், ஒரு கம்பிச் சுருள்.
திருகினால் சுருள் சூடாகும், ரயில் நகராது.
இன்னொரு மயிரிழை திருகினால்
பாய்ந்து போய்
தரையில் இறக்கி வைத்த ரசச் சட்டியில் விழும்.
இரண்டு தரம் விழுந்தது.
மூன்றாம் தரம் மிச்சி சட்டிக்கு மூடி போட்டாள்.
அவள் சொன்ன கருத்து அவ்வளவுதான்.

இரண்டாவது: ஒரு டைமர் சில்லு, ஒரு மாஸ்ஃபெட்.
மின்சாரத்தைத் துண்டு துண்டாய் நறுக்கி அனுப்புவது.
ஏற்றத்தில் நத்தை மாதிரி ஏறியது, அத்தனை அழகு.
ஆனால் கொசு மாதிரி ஒரு ரீங்காரம்.
இறக்கத்தில் வழக்கம்போல மூடியில் டணார்.
மாஸ்ஃபெட் மூன்று வெடித்தன.
டயோடைத் தலைகீழாய்ப் பற்றவைத்தவன் நான்தான் என்று
ஒரு வாரம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டேன்,
அதுவும் எனக்குள்ளேயே.

ஆடி மழை.
சீகை மரம் சாய்ந்து கம்பி அறுந்து
இரண்டு நாளாய்க் கரண்ட் இல்லை.
மூடுபனி வீட்டுக்குள் வந்து தண்டவாளத்தில் வியர்த்தது.
மெழுகுவர்த்தியைத் தள்ளி வைத்துவிட்டு
ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.
குறுக்கே நின்ற ரயிலை
விரலால் ஒரு தள்ளு தள்ளினேன்.

பீரோ பக்கம் நின்ற இன்னொரு எஞ்சினின்
சிவப்பு விளக்கு
கண்ணைச் சிமிட்டியது.

கரண்டே இல்லாத வீட்டில்.

மறுபடி தள்ளினேன்.
வேகமாய்த் தள்ளினால் பளிச், மெதுவாய்த் தள்ளினால் மங்கல்.
மிச்சியைக் கூப்பிட்டேன்.
கையில் ராகி மாவோடு வந்தாள். நீ தள்ளு என்றேன்.
தள்ளினாள். எரிந்தது.
"ஃபோனுக்குச் சார்ஜ் ஏறுமா?" என்றாள்.

இருபது வருஷமாய் மோட்டார் சுற்றுகிறவன்.
சுழற்றினால் அதுவே மின்சாரம் தரும் என்று எனக்குத் தெரியாதா?
தெரியும்.
தெரியும் என்பதாலேயே கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மூன்றாவது:
ஒரு துடிப்பு கொடு. நிறுத்து.
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சும்மா இரு.
அந்தச் சும்மாவுக்குள்
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார்
தன் வேகத்தை வோல்ட்டாய்ச் சொல்கிறது.
இரண்டு என்றால் கூடக் கொடு.
ஐந்து என்றால் குறை.
ஏழு, எட்டு என்று பிதற்றினால்
இரு முனையையும் சேர்த்துப் பிடி.
அது உண்டாக்கிய மின்சாரமே அதற்குக் கடிவாளம்.

எழுதிவிட்டால் எளிது.
பிரஷ்ஷில் பொறி தட்டிய இரைச்சலை எல்லாம்
வேகம் என்று நம்பியது என் சில்லு.
ஏற்றத்தில் மிரண்டது. சமதளத்தில் திக்கியது.
இரண்டு ரூபாய் கபாசிட்டர் ஒன்று
எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று புரிய
கார்த்திகை பிறந்துவிட்டது.

நேற்று,
கீழே கேத்தி ஸ்டேஷனில் சாயங்கால வண்டி கூவியபோது
நீலக் கூடு பீரோவுக்குப் பின்னால் மறைந்தது.
குமிழில் என் கை இல்லை.
வெளியே வந்தது. இறக்கத்தில் தலை நீட்டியது.
அதே நடை.
அடுப்படி வாசலில்
ஒரு சாண் மிச்சம் வைத்து நின்றது.

மிச்சி பார்த்தாள்.
சட்டியின் மூடியை எடுக்கவில்லை.
இன்னும் பத்து நாள் போகட்டும் என்கிறாள்.