தொண்ணூறாம் நம்பர்

இறக்கக்கண்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
பிரதேச சபையின் விளையாட்டுத் திடல்.
மாரி முடிந்தால் புல் இடுப்பளவு.
ட்ரக்டரின் பின்னே புல்வெட்டியைக் கொழுவிக்கொண்டு
தை பிறக்க நான் போவேன்.

இம்முறை மெசின் நின்ற இடமெல்லாம் கறுப்பு வட்டம்.
முதலில் உள்ளங்கையளவு,
பிறகு தோசையளவு,
மாசியில் சுளகளவு.

ஸ்டோர் நஜிமுதீன் நானா நல்ல மனிசன்.
நாலு விண்ணப்பம் எழுதினேன்:
கியர் ஒயில், தொண்ணூறு, ஒரு லீற்றர்.
நாலு தரமும் வந்தது எஞ்சின் ஒயில், நாற்பது.
"ஒயில் ஒயில்தானே தங்கச்சி."
இல்லை நானா.
பல்லும் பல்லும் நெரிபடும் இடத்தில்
நாற்பது விலகி ஓடிவிடும்.
தொண்ணூறு நடுவில் நிற்கும்,
சண்டை விலக்கப் போய்
இரண்டு பக்கத்து அடியையும் வாங்குகிறவன் போல.
மூடியைத் திறந்ததும் மூக்கில் அடிக்கும் கந்தகம்
சும்மாவா அதற்குள் கிடக்கிறது?

டவுனில் உதிரிப்பாகக் கடைக்காரன் வேறு சொன்னான்:
"ஒழுகுதா? கிரீஸை அடையுங்கோ, தலையிடி விட்டுது."
கிரீஸின் குணம் எனக்குத் தெரியும்.
சக்கரம் ஒருதரம் சுற்றினால் போதும்,
கோபித்த மாப்பிள்ளை மாதிரி
சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும்.
கூப்பிட்டாலும் திரும்பி வராது.
பல் வறண்டு ஓடும்.
பாகுபோல் வழிகிற கிரீஸென்றால் பரவாயில்லை,
வழிந்து வந்து திரும்பவும் பல்லை நனைக்கும்.
அது கொழும்பிலிருந்து எடுக்கவேண்டுமாம்.

ஆகவே சொந்தக் காசில் தொண்ணூறு.
நிரப்பு, ஒழுகு, நிரப்பு.
மணித்தியாலத்துக்கு ஒருதரம் இறங்கி
கியர்பெட்டியில் கைவைத்துப் பார்ப்பேன்.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
மூன்றாம் கிணறென்றால் இன்னும் நாலு சுற்று வெட்டலாம்.
ஏழாவதையும் தாண்டினால்
நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி.

ஒருநாள் ஒயில் பால்போல வெளுத்து வந்தது.
சூட்டோடு கழுவியது என் பிழை.
ஆறும்போது பெட்டி மூச்சை உள்ளே இழுக்கும்,
கிடைக்கிற தண்ணீரையும் சேர்த்து.

அன்றுதான் கட்டை முட்டுக்கொடுத்து
கத்திகளைக் கழற்றி
புல்வெட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்தேன்.
தண்டின் கழுத்தில் மயிர்போல ஏதோ.
இழுத்தேன், வந்தது.
வந்துகொண்டே இருந்தது.
தங்கூசி!
ஒரு பாகம், இரண்டு பாகம், ஏழு பாகம்.
திடலோரம் வலை காயப்போடுகிறவர்கள் வெட்டியெறிந்தது
புல்லுக்குள் கிடந்து, கத்தியில் ஏறி,
சுற்றிச் சுற்றி
அவித்த முட்டையை நூல் அறுப்பதுபோல்
சீலின் உதட்டை அறுத்திருக்கிறது.

சுருட்டிக்கொண்டு கரைக்குப் போனேன், சண்டைக்கென்றே.
கிறகோரி அண்ணை வலை பொத்திக்கொண்டிருந்தார்.
வாங்கி, வெயிலில் பிடித்து,
நகத்தால் ஒயிலைச் சுரண்டி,
மணந்தும் பார்த்துவிட்டு
"என்ரதான்" என்றார்.
"மீன் ஏதும் பட்டதா பிள்ளை?"

சிரிக்கக்கூடாதென்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை.

சீலுக்கு ஐந்தாவது விண்ணப்பம்.
பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில்
மீன்பிடி என்று எழுதினேன்.
நானா கண்ணாடியைக் கழற்றி, மாட்டி,
மறுபேச்சில்லாமல் கையொப்பம் வைத்தார்.
அதே கையோடு தொண்ணூறும் வந்தது.

பக்கவாட்டு ஆணியைக் கழற்றி
அந்தத் துளையில் எட்டிப்பார்க்கும்வரை ஊற்றினேன்.
அதற்குமேல் ஒரு சொட்டும் இல்லை.
கழுத்துமட்டும் நிரப்பினால்
சூட்டில் பொங்கிப் புதுச் சீலையும் தள்ளிவிடும்.

திடலில் இப்போது மிச்சம் ஒரே ஒரு வட்டம்,
வடக்குக் கோல்கம்பத்தடியில்.
புல் முளைக்கவில்லை. ஆடுகள் விலத்திப்போகின்றன.
கோல்காரப் பெடியன் மட்டும்
அதில்தான் காலை ஊன்றி நிற்கிறான்.
"மண்ணைப் போட்டு மூடிடாதேங்கோ அக்கா,
இதுதான் என்ர அடையாளம்."