பெட்டி எண் பதினேழு

கடைசி மெட்ரோ யஷ்வந்த்பூரைத் தாண்டும்வரை
எதையும் அளக்க முடியாது.
தண்டவாளத்து மின்சாரம் மெல்லிய காந்தமாகி
சுவர் புகுந்து வந்து
வரைபடத்தில் கிறுக்கிவிட்டுப் போகும்.
நள்ளிரவுக்குத்தான் கோடு அடங்கும்.

நஞ்சுண்டப்பா அறுபது லிட்டர் ஹீலியம் தந்தார்.
பதிவேட்டை நீட்டி
"இந்த வாரம் இதோட சரி" என்றார்.
குழாயின் கழுத்தில் பனி பூத்தது.
ஒன்பது கெல்வினிலேயே நியோபியம்
தடையை மறந்துவிட்டது.
நான்குவரை இறக்கினேன்.

இருபுறமும் நியோபியம், நடுவில் நிக்கல்.
வெறும் சுவர் என்றால் கணக்கு எளிது:
தடிக்கத் தடிக்க ஓட்டம் தேயும்,
தேய்ந்து தீரும்.
காந்தச் சுவர் அப்படியல்ல.

சோடியாக வருகின்றன எலக்ட்ரான்கள்,
ஒன்றின் சுழற்சி மேலே, மற்றதன் சுழற்சி கீழே.
நிக்கலுக்கு ஓரவஞ்சனை உண்டு.
உள்ளே நுழைந்ததும் ஒன்றின் நடை கூடுகிறது,
மற்றது பின்தங்குகிறது.
கை விடவில்லை. அடி பிசகுகிறது.
சில நானோமீட்டரில்
கூட்டல் குறி கழித்தலாகிறது,
இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி கூட்டல்.

இதெல்லாம் பாடத்தில் படித்ததுதான்.
ஆனாலும் மார்ச் மாதம்
பதினேழாம் துண்டில் ஓட்டமே இல்லாதபோது
பெட்டி மேல் சிவப்பு மையில்
"செத்தது" என்று எழுதினேன்.
படலம் படிய வைத்தவள் அனகா.
அறையைச் சரியாகத் துடைக்கவில்லை நீ என்றேன்,
எல்லார் முன்னாலும்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஜூனில் வைட்ஃபீல்டில் சிப் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அவள் விட்டுப்போன பதினெட்டும் பத்தொன்பதும்
நேற்றுவரை அலமாரியில் கிடந்தன.
பதினேழைவிடத் தடித்தவை.
இரண்டிலும் ஓட்டம் ஓடியது.

செத்த இடம் அல்ல அது.
மூன்றரை நானோமீட்டர்,
குறி புரளும் இடம்.

எவ்வளவு என்று மீட்டர் சொல்லும்,
எந்தக் குறி என்று சொல்லாது.
அதற்கு ஒரு வளையம் வேண்டும்.
பத்தொன்பதை வளையத்தில் வைத்துக் குளிர்வித்தேன்.
பாட்டரி இல்லை. தள்ளுபவர் எவருமில்லை.
தானே சுற்றத் தொடங்கியது மின்னோட்டம்,
இடமாக.
குச்சியை உயர்த்தி, சூடேற்றி, திரும்ப இறக்கினேன்.
வலமாக.
இன்னொரு முறை. வலம்.
ஹீலியம் தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியின் சிவப்பு மை ஸ்பிரிட்டுக்கும் அழியவில்லை.
அதன் கீழேயே தடிமனை எழுதி வைத்தேன்.

மூன்று நாற்பதுக்கு அனகாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
"பதினேழு சாகவில்லை."
ஐந்தேகாலுக்குப் பதில் வந்தது, கன்னடத்தில்,
ஒரே சொல்:
"தெரியும்."

எந்தக் குரலில் என்று எழுத்தில் இல்லை.
முதல் ரயில் வந்தது.
கோடு நடுங்கியது.