காரணம், ஒரு சொல்லில்

நகுலேஸ்வரியின் வாக்குமூலம் பதினோரு வரி.
ஐந்தாவதில் மான் வருகிறது:
"நிண்டது. என்னைத் திரும்பிப் பார்த்தது.
கண் பச்சையா மினுங்கினது."
மூஸ் ஜா தாண்டி மேற்கே, நவம்பர், ஐந்தரை மணி இருட்டு.
இடக்கையால் எழுதிய எழுத்து;
வலது காறையெலும்பு முறிந்திருந்தது.

கார் கேமராவில் மான் இல்லை.
ஏதோ லாரி உதிர்த்துவிட்டுப் போன டயர்ப் பட்டை
காற்றில் ஒரு முனை தூக்கி, அடங்குகிறது.
பதினான்கு முறை ஓட்டிப் பார்த்தேன்.
பத்தாவது முறை எனக்கும் காது தெரிந்தது.

சென்னையில் தத்துவம் முதுகலை.
ரெஜைனாவில் வாகனக் காப்பீட்டு மதிப்பீட்டாளன்.
இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: எதனால்?

பால் தயிரானால் பால் போய்விட்டது.
நசுங்கிய கதவு அந்தக் கட்சி.
கயிறு பாம்பானால் கயிறு எங்கே போனது?
டயரில் ஒரு ரோமம்கூட முளைக்கவில்லை.
மானாய் இருந்த அந்த ஒன்றேகால் நொடியும்
ரப்பர் நாற்றம்தான் அடித்திருக்கும்.

சரி,
எலும்பு?
கனவில் பாய்ந்த புலி பொய்,
அலறி விழித்தது பொய்யா?
பரீட்சையில் இதற்கு இரண்டு பக்கம் எழுதினேன்,
பக்கத்தில் எக்ஸ்ரே எதுவும் இல்லாமல்.

படிவத்தில் மூன்று கட்டம்:
விலங்கு. பொருள். பிற.
மாயமான் என்று எழுதினால்
மேலாளர் டானா ஸ்பெல்லிங் கேட்பாள்.
உள்ளது என்று சொல்ல வழியில்லை.
இல்லாதது என்றும் சொல்ல முடியாது,
இல்லாததற்கு யாரும் ஸ்டியரிங்கை ஒடிப்பதில்லை.
ஆயிரத்துச் சொச்சம் வருஷமாகப் பண்டிதர்கள் திணறிய இடத்துக்கு
கம்பெனி ஒரு கட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது.
பிற.

சனிக்கிழமை இடத்தைப் பார்க்கப் போனேன்.
பட்டை அங்கேயே கிடந்தது, பாதி பனிக்குள்.
உதறி டிக்கியில் போட்டுக்கொண்டேன்.
போதிய தூரம் போய், வண்டியைத் திருப்பி
அதே இடத்தைக் கடக்கையில்
என் கால் பிரேக்குக்குப் போனது.

திங்களன்று அவளை அழைத்தேன்.
கேமராவை எங்கிருந்து தொடங்குவது என்று
தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன்,
முந்திக்கொண்டாள்:
"தம்பி, அந்த மானுக்கு ஒண்டும் ஆகேல்லைத்தானே?"

இல்லையம்மா, என்றேன்.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு.
தொகை எவ்வளவு என்று கேட்காமலே வைத்துவிட்டாள்.