மஞ்சள் பேணி

கச்சான் தோட்டத்துக்குள்
இரவு மூன்று மணிக்கு இறங்கிய பன்றி
றோசியின் வயிற்றைக் கிழித்துப் போட்டது.
இவர் கோடரியோடு ஓடினார்.
நான் டோர்ச் பிடித்தேன்.
விடியும்போது முற்றத்தில் இரண்டு வயிறுகள்:
ஒன்றைத் தைக்க வேணும்,
மற்றதை வெட்ட வேணும்.

நெல்மூட்டை தைக்கிற ஊசியைச் சுடுதண்ணியில் போட்டேன்.
முத்தையன்கட்டில் எந்த வீட்டிலும் தூண்டில் நரம்பு கிடக்கும்.
என் முழங்காலில் தலை வைத்துப் படுத்தவள்
ஒருக்காலும் கடிக்கவில்லை.
பதினொரு தையல்.
"என்ர குஞ்செல்லே, என்ர ராசாத்தியெல்லே" என்று
பெற்ற பிள்ளைகளுக்குச் சொல்லாததெல்லாம் சொன்னேன்.
முடிய, மஞ்சள் அப்பினேன்.

கைகூடக் கழுவவில்லை.
அதே பேணியைத் தூக்கிக்கொண்டு
வேம்படிக்குப் போனேன்,
இறைச்சிக்குப் போட.

மஞ்சளுக்கு என்ன தெரியும்.

வெட்டும்போதுதான் கண்டோம்,
முலைகளில் பால்.
இவர் கத்தியை நிறுத்தினார்,
ஒரு பீடி பத்துகிற நேரம்.
பிறகு வெட்டினார்.
பதினாலு வீட்டுக்குப் பங்கு போனது.
மிச்சத்தை உப்புத் தடவிக் கம்பியில் கோத்து
அடுப்புக்கு மேலே கட்டினேன்.

அடுத்த நாள் விறகுக்குப் போனவர்
சாரத்தில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார்.
முதுகெல்லாம் கோடு கோடாக,
வெள்ளரிப்பிஞ்சு போல.
மற்றதுகளை நரி கொண்டுபோயிருக்கும் என்றார்.
ஏன் தூக்கி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

சின்னவன் மதுரன் 'வரியன்' என்று பெயர் வைத்தான்.
அங்கர் மா கரைத்து, பஞ்சில் நனைத்துப் பருக்கினோம்.
மார்கழிப் பனி. குட்டிக்கு நடுக்கம்.
வீட்டில் சூடான இடம் ஒன்றுதான்.
அடுப்படியில் சாக்கு விரித்தேன்.

மேலே தாய் புகையில் கறுத்துக்கொண்டிருந்தாள்.
கீழே பிள்ளை நித்திரை.
நடுவில் நின்று நான்
சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்தேன்.

கறுத்துக்கொண்டிருந்தாள் என்றா சொன்னேன்?
உரிக்கும்போது அது 'அது'தான்.
பள்ளிக்கூடத்தில் உயர்திணை, அஃறிணை என்று
நடுவில் கோடு கீறிப் படித்தோம்.
அடிமட்டம் வைத்துத்தான் கீறினோம்.

ஒரு சொட்டுக் கொழுப்பு உருகி
சாக்கில் விழுந்தது.
வரியன் கண் திறக்காமலே
நக்கினான்.

என்னை இளகின மனசுக்காரி என்று எண்ண வேண்டாம்.
வலைஞர்மடத்தில், அந்த மாசியில்,
கயிற்றை அவிழ்த்து, நெற்றி தடவி
போ அம்மா என்று விட்ட எங்கள் பசு
நாலாம் நாள் பக்கத்துத் தரப்பாளில்
கறியாக இருந்தது.
வெளியே கிடந்த கொம்பில்
பொங்கலுக்கு நான் பூசிய நீலப் பெயின்ற்.
கோப்பையை நீட்டினேன்.
இரண்டாந்தரமும் நீட்டினேன்.

வைகாசியில் வரிகள் அழிந்தன.
பெயர் நின்றது.
றோசியின் தழும்பில் மூஞ்சியை வைத்துத்தான்
இப்போதும் படுக்கிறான்.
கச்சான் கொடியைக் கிண்டினால்
பிள்ளையைப் பேசுவதுபோல் பேசுகிறேன்.

அற்புதநாதன் மோட்டார்சைக்கிளை நிறுத்தி
வரியனைக் கண்ணாலேயே நிறுத்தான்.
"இருபது கிலோ தேறும். என்ன விலை?"
"உது இறைச்சி இல்லை."
"அப்ப தாய் என்னவாம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
நான் தேத்தண்ணி வைக்கப் போனேன்.
கம்பியில் கடைசியாய் இரண்டு துண்டு.
வந்த மனுசனை வெறும் தேத்தண்ணியோடு
அனுப்ப மனம் வரவில்லை.
இறக்கி, அம்மியில் தட்டி,
சட்டியில் எண்ணெய் விட்டேன்.

குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத்தான் பொரித்தேன்.
வரியனுக்கு
மணக்கக் கூடாது.