பூஜ்யம், கேள்விக்குறியுடன்

படிவத்தில் ‘குறிப்புகள்’ கட்டம்
தீப்பெட்டி அளவுதான்.
இருபத்திரண்டு ஆண்டுகளாக அதில் நான் எழுதியவை:
லேசான காற்று. மூடுபனி. மரம் வெட்டுகிறார்கள்.
ஒருமுறை, கரடி.
இம்முறை தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதுகிறேன்,
பொறுத்துக்கொள்ளுங்கள் கல்யூ.

ஜூன் ஆறு, விடியற்காலை நாலு பத்து.
வோருவுக்குத் தெற்கே அதே இருபது நிறுத்தங்கள்,
ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம்.
முதல் நிறுத்தத்தில் ஆள்காட்டி
வழக்கம்போல என்னை
ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்தது.
மூன்றில் வானம்பாடி, இரண்டு.
ஐந்தில் குயில், ஆற்றுக்கு அப்பால்.

ஏழாவது, ஸ்ப்ரூஸ் காடு.
பொன்னுச்சிக் குருவியின் எடை ஐந்து கிராம்.
தபால் வண்டி ஓட்டுகிறவள் சொல்கிறேன்,
ஒரு கடிதம்கூட அதைவிடக் கனம்.
குரலோ ஊசிமுனை.
முதல் வருடம் ஆறு. பிறகு நாலு, மூன்று,
வெகுகாலம் ஒன்று.
கடைசி நான்கு வருடமும் பூஜ்யம்.
“காலியாக விடாதீர்கள், ஐலி,
இல்லை என்பதும் ஓர் எண்” என்றீர்கள்.
விடவில்லை.
என் பூஜ்யங்கள் தார்த்துவுக்குப் போய்
நாடெங்குமிருந்து வந்த எண்களோடு கூடி
ஒரு சரிகிற கோடாயின.
செய்தித்தாளில் வந்ததைக் கத்தரித்து
குளிர்பெட்டியில் ஒட்டினேன்.
துக்கம்தான். கொஞ்சம் பெருமையும்.

ஏப்ரலில் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கக்
காதுப் பரிசோதனை.
ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார் டாக்டர் மெர்லே.
அழுத்தினேன், அழுத்தினேன்,
பிறகு முடிந்துவிட்டதென்று சும்மா இருந்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவர்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
தாளை நீட்டினார்.
இடமிருந்து வலமாகச் சரிகிற ஒரு கோடு.
எனக்குத் தெரிந்த கோடு.

இன்று ஏழில் நான் காதை நம்பவில்லை.
கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன்.
மூன்றாவது நிமிடம்,
காற்றில்லாமல் ஒரு கிளைநுனி அசைந்தது.
மஞ்சள் உச்சி. திறந்த அலகு.
தொண்டை துடிக்கிறது, துடிக்கிறது,
ஒரு சத்தமும் இல்லை.
அதற்கு மேல்கிளையில் இன்னொன்று.

கண்டாலும் கணக்குதானே. இரண்டு என்று போட்டிருக்கிறேன்.
பழைய பூஜ்யங்களில்
எவை குருவியுடையவை, எவை என்னுடையவை
என்று தெரியவில்லை.
எந்த வருடத்திலிருந்து என்று கேட்காதீர்கள்,
அது சொல்லிக்கொண்டு வரவில்லை.
எல்லாவற்றின் பக்கத்திலும்
ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

இந்த வழிக்கு வேறு காது பாருங்கள்.
பன்னிரண்டாம் நிறுத்தத்துக் கதவின் சாவி
உறைக்குள் இருக்கிறது.
பதினான்கில் ஒரு நாய். குரைக்கும், கடிக்காது.
அது மட்டும் எனக்கு
இன்னும் நன்றாகவே கேட்கிறது.