சாய்கோடு

பாயான் பாருவில் இருபத்துநாலு மணி நேர டோபிக் கடை.
நான்கு வெள்ளிக்கு ஒரு சலவை, இலவச வைஃபை.
இயந்திரம் முப்பத்தெட்டு நிமிடம் என்றது.
செயலி, ஐந்தே நிமிடத்தில் ரெஸ்யூம் என்றது.
இரண்டில் எது பொய் சொல்கிறதென்று
அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பெயர்.
கோகிலவாணி ஏ/பி அங்கமுத்து என்று அடித்தேன்.
சிவப்பில் காட்டியது:
சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை.
அடையாள அட்டையில், பள்ளிச் சான்றிதழில்,
விவாகரத்துத் தீர்ப்பில்கூட
எனக்கும் அப்பாவுக்கும் நடுவே
கதவுக்கு முட்டுக்கொடுத்த கம்பு மாதிரி
சாய்ந்து நின்ற கோடு அது.
எடுத்துவிட்டேன்.
இன்னார் மகள் என்பது போய்
முதற்பெயர் நான், குடும்பப்பெயர் அவர்.

படம் கேட்டது.
டிரையர் கதவுக்கு முன்னால் நின்று எடுத்தேன்.
பின்னால் சுற்றிக்கொண்டிருந்த பெட்ஷீட்டை அழித்தது, நல்லது.
கூடவே என் காது ஒன்றையும் அழித்தது.
கேட்காமலே முகத்தை
இரண்டு சுற்று வெளுத்துத் தந்தது.
பழைய நிறத்துக்குத் திரும்ப ஒரு பொத்தான் இருந்தது.
அதற்கு மாதம் பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.

பதினோரு வருடம் என்ன செய்தீர்கள்?
உருப்பெருக்கிக்குக் கீழே பச்சைப் பலகைகள்.
ஈயப் பொட்டு இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தால்
சிவப்பு அம்புக்குறி ஒட்டி ஒதுக்குவேன்.
ஒரு ஷிப்டுக்கு அறுநூறு.
விடிகாலை மூன்று மணிக்கு மேல்
கண் தானாகவே பிழைகளைப் பெற்றுப்போடும்.
எழுந்து போய் முகம் கழுவ வேண்டும்,
அதுதான் தொழில் ரகசியம்.
இதையெல்லாம் எழுதி, ‘மெருகேற்று’ என்பதைத் தொட்டேன்.
‘துடிப்பான சூழலில்
தரத்தின் மீது தீராத வேட்கை கொண்டவர்’ என்று வந்தது.
வேட்கையாம்.
பக்கத்தில் கைலி மடித்துக்கொண்டிருந்த மலாய்ப் பையன்
திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

மொழிக்கு ஐந்தைந்து புள்ளி.
மலாய் நான்கு. ஆங்கிலத்துக்கு இரண்டு வைத்து,
யோசித்து, மூன்றாக்கினேன்.
ஹொக்கியன் பட்டியலிலேயே இல்லை.
மேற்பார்வையாளர் ஓங்கோடு ஏழு வருடம்
பிறகு எந்த மொழியில் சண்டை போட்டேன்?
தமிழுக்கு ஐந்தும் வைத்தேன்.
வேலைக்குத் தொடர்பில்லாத மொழியை நீக்கலாமே
என்று ஒரு யோசனை எட்டிப்பார்த்தது.
போடா என்றேன்,
அந்த ஐந்து புள்ளியில்.

2010க்கும் 2012க்கும் நடுவில் மஞ்சள் முக்கோணம்.
இடைவெளியை விளக்குக.
விளக்கலாம்தான்.
நீதிமன்றத்து பெஞ்சு, ஆயர் ஈத்தாமில் வாடகை அறை,
ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் பிடிக்காமல்
சாத்திவிட்டுக் கிடந்த மாதங்கள்.
மெருகேற்றச் சொன்னால்
அதையும் ஒரு திறமையாக்கிவிடும்.
முக்கோணம் அப்படியே இருக்கட்டும்.

பரிந்துரைப்பவர்: ஓங்.
தொழிற்சாலையோடு வியட்நாமுக்குப் போய்விட்டவர்.
உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்குக்
கட்டைவிரலை மட்டும் அனுப்பினார்.
ஏழு வருடச் சண்டையில்
அவர் கொடுத்த முதல் பாராட்டு.

ஏழு இடத்துக்கு அனுப்பினேன்.
துணி எப்போதோ காய்ந்து, ஆறி, கசங்கியும் விட்டது.

வியாழக்கிழமை ஒரு பதில்.
அன்புள்ள திரு. அங்கமுத்து அவர்களே,
தங்கள் அனுபவம் எங்களைக் கவர்ந்தது.

அப்பா வாயால் கேட்டே வேலை வாங்கினவர்.
தண்ணீர்மலைப் பக்கம் கால்வாய் வெட்டினார்,
நாள்கூலி,
கையெழுத்து வேண்டிய இடத்தில் பெருவிரல்.
இறந்து ஒன்பது வருடம்.
இப்போது பாயான் லெப்பாஸ் கம்பெனி ஒன்று
குளிர்சாதன அறைக்கு அவரைக் கூப்பிடுகிறது.

திருத்தி எழுதலாம் என்று கைப்பேசியை எடுத்தேன்.
எடுத்ததை வைத்துவிட்டேன்.
செவ்வாய், காலை பத்து மணி.
வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.
கோடு அதில் இருக்கிறது.